பழைய சாதா இரட்டைக்குழல்: ஸ்டெர்லிங்வொர்த்தா, நைட்ரோ ஸ்பெஷலா, 311ஆ?

அமெரிக்காவில் எந்தத் துப்பாக்கிக் கண்காட்சிக்குள் நுழைந்தாலும் கடைசி வரிசை மேசைகளில் ஒரு பழைய துப்பாக்கிக் கூட்டம் சாய்ந்து கிடக்கும். செதுக்கு வேலை கிடையாது, கட்டையில் கீறல், இரும்பு பழுப்பேறியிருக்கும், ஆனால் இரண்டு குழல் அக்கம்பக்கமாக இருக்கும். 1890களிலிருந்து 1950கள் வரை ஹார்டுவேர் கடையிலும் தபால் கேட்டலாக்கிலும் விற்ற சரக்கு இது. பண்ணைக்காரர்கள் முயலும் காடையும் சுட, கோழிக்கூண்டைச் சுற்றும் நரியை விரட்ட வாங்கியது. இதில் ஒன்றை வாங்கலாமா, வாங்கினால் எதை, அல்லது தாத்தா வைத்துவிட்டுப் போனதை விற்பதா வைத்துக்கொள்வதா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழலின் மேல் இருக்கும் பெயரை வைத்து விலை பேசாதீர்கள். இந்த ரகத்தில் பெயரைப்போல ஏமாற்றுவது வேறு எதுவும் இல்லை. யார் செய்தது, பிறகு யார் கை வைத்தது, குழல் எந்த நிலையில் இருக்கிறது, இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் பெயருக்கு மரியாதை.

உதாரணத்துக்குக் கனெக்டிகட் மாநிலம் நார்விச்சில் இருந்த கிரசென்ட் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் மொத்த வியாபாரிகளான ஃபால்சம் குடும்ப நிறுவனத்தின் கையில் இருந்தது. ஒரே துப்பாக்கியை நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களில் அடித்துத் தள்ளினார்கள். எந்த மொத்த வியாபாரி கேட்டாலும் அவர் விரும்பிய பெயர் குழலில் ஏறிவிடும். நிக்கர்பாக்கர், பியர்லெஸ், அமெரிக்கன் கன் கம்பெனி என்று கம்பீரமாக எழுதியிருக்கும், உள்ளே எல்லாம் ஒன்றுதான். "இப்படி ஒரு கம்பெனியைக் கேள்விப்பட்டதே இல்லை, அதனால் அபூர்வம்" என்று விற்பவர் சொன்னால், கேள்விப்படாததற்குக் காரணம் அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்பதுதான்.

பெல்ஜியத்திலிருந்து வந்தவை இன்னொரு கதை. லியேஜ் நகரத்தில் செய்து, இங்கிலாந்தின் புகழ்பெற்ற பெயர்களைக் கொஞ்சம் மாற்றி அடித்து அனுப்பினார்கள். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற பெரிய பெயருக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி "டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்" என்று இருக்கும். குழலைத் திறந்து அடிப்பக்கத்துத் தட்டைப் பகுதியைப் பாருங்கள்: முட்டை வடிவ வளையத்துக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தால் அது லியேஜின் சோதனை முத்திரை, பேச்சு முடிந்தது. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயச் சோதனைச் சாலை இருந்ததில்லை, அதனால் உள்ளூர்த் துப்பாக்கியில் இந்த மாதிரி முத்திரைக் கூட்டம் இருக்காது. இன்னொரு சின்னத் துப்பு: 1891 முதல் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொன்னது, ஆகவே "பெல்ஜியம்" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

பெரிய பெயர்களே ஏமாற்றும் இடமும் உண்டு. ஃபாக்ஸ் என்று எழுதியிருக்கும் எல்லாமே ஃபாக்ஸ் அல்ல. பிலடெல்பியாவில் ஏ.எச். ஃபாக்ஸ் நிறுவனம் செய்தது அசல். 1929இல் சாவேஜ் என்ற இன்னொரு துப்பாக்கிக் கம்பெனி அந்த நிறுவனத்தை வாங்கி, நியூயார்க் மாநிலம் யூட்டிகாவுக்கு வேலையை மாற்றியது. அங்கே செய்ததும் அசல் வடிவம்தான். ஆனால் 1940 வாக்கில் வந்த "ஃபாக்ஸ் மாடல் பி" பெயரில் மட்டும் ஃபாக்ஸ், உள்ளே சாவேஜின் இன்னொரு பெயரான ஸ்டீவன்ஸ். மோசமான துப்பாக்கி இல்லை, நன்றாக உழைக்கும், ஆனால் "ஃபாக்ஸ்" விலை கேட்டால் நகர்ந்துவிடுங்கள். அதே மாதிரிதான் லெஃபீவர்: சிராக்யூஸில் டான் லெஃபீவர் செய்தது ஒரு வம்சம், 1916இல் இதாகா துப்பாக்கிக் கம்பெனி அந்தப் பெயரை வாங்கி, 1921 முதல் விற்ற "நைட்ரோ ஸ்பெஷல்" முற்றிலும் இதாகாவின் சாதா துப்பாக்கி. சியர்ஸ் கடையின் ரேஞ்சர், ஜே.சி. ஹிகின்ஸ், மான்ட்கோமரி வார்டின் வெஸ்டர்ன் ஃபீல்டு என்று கடைப்பெயர் போட்டவையும் ஏதோ ஒரு தொழிற்சாலையில் பிறந்தவைதான். சியர்ஸ் மாடல் எண் 101 என்று தொடங்கினால் சாவேஜ் குடும்பம் செய்தது.

சரி, யார் செய்தது என்று தெரிந்துவிட்டது. அடுத்தது கையால் பார்ப்பது, இதில்தான் காசு இருக்கிறது.

முதலில் காலியா என்று பாருங்கள், விற்பவர் "காலிதான்" என்று சத்தியம் செய்தாலும். அப்புறம் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, துப்பாக்கி மூடிய நிலையிலேயே பின்கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குழலை இடவலமாக ஆட்டுங்கள். முன்கட்டை மாட்டியிருந்தால் அதன் ஸ்பிரிங் குழலை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும், அதனால்தான் கழற்றச் சொல்கிறேன். லேசாக லொடலொடத்தால் ஒரு கன்ஸ்மித் சரிசெய்யலாம், ஆனால் அவர் கேட்கும் கூலி சாதா துப்பாக்கியின் விலையைத் தொட்டுவிடும். மூடிய பிறகு துப்பாக்கியைத் திறக்க மேலே இருக்கும் லீவர் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். நடுவுக்கு வலப்பக்கம் நின்றால் ஆயுள் மிச்சம், நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் தேய்ந்தது. ஃபாக்ஸிலும் எல்.சி. ஸ்மித்திலும் சுழலும் பூட்டு, தேயத் தேயத் தானே இன்னும் கொஞ்சம் உள்ளே போய் இறுக்கிக்கொள்ளும் வடிவம், ஆகவே அவற்றில் லீவர் சொல்வதை நம்பலாம்.

குழலைத் தனியாகக் கழற்றி, அடியில் இருக்கும் கொக்கிப் பகுதியை ஒரு விரலில் தொங்கவிட்டு, பென்சிலால் தட்டுங்கள். கணீர் என்று கேட்டால் இரண்டு குழலையும் இணைக்கும் பட்டைகள் ஈயப்பற்றில் உறுதியாக இருக்கின்றன. "டொக்" என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ பற்று விட்டிருக்கிறது. அதற்கு ஒரு வழக்கமான காரணம் உண்டு, யாரோ பளபளப்பாக்க ஆசைப்பட்டு, இந்தக் காலத்துக் கொதிக்கும் உப்புக்கரைசலில் முக்கிக் கருநீலம் ஏற்றியிருப்பார்கள். அந்தக் கரைசல் ஈயப்பற்றைத் தின்றுவிடும். இரட்டைக்குழலுக்குப் பழைய துரு முறையில்தான் நிறம் ஏற்ற வேண்டும், அது மெதுவான வேலை, விலையும் அதற்குத் தக்க இருக்கும்.

பிறகு வெளிச்சத்தைப் பார்த்துக் குழலுக்குள் எட்டிப் பாருங்கள். நிழல் வளையம் தெரிந்தால் உப்பல் அல்லது சொட்டை. கறுப்புப் புள்ளிகள் அரிப்பு. லேசான அரிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அந்தக் காலத்துத் தோட்டாவின் பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் பகுதி, உப்பைக் கக்கியது, துடைக்காமல் வைத்தவர்கள் நிறைய. ஆனால் யாராவது உள்ளே ராவி அந்தப் புள்ளிகளை எடுத்திருந்தால் கண்ணாடி மாதிரி மின்னும், சுவர் மெலிந்திருக்கும், வாங்குபவர் மின்னலைப் பார்த்து மயங்குவார். சுவர் கனத்தை அளக்கத் தனிக் கருவி இருக்கிறது. மிக மெல்லிய இடத்தில் 0.020 அங்குலத்துக்குக் கீழே போனால் பெரும்பாலோர் சுட யோசிப்பார்கள். குழலின் வாய்நுனியையும் பாருங்கள். இரண்டு குழலுக்கும் நடுவே அங்கே இடைவெளி இருந்தால் யாரோ நுனியை அறுத்திருக்கிறார்கள், சோக், அதாவது குண்டுகள் சிதறாமல் போக நுனியில் வைக்கும் குறுகல், போய்விட்டது, மதிப்பும் பெருமளவு போய்விட்டது. ஒரு வேளை 18 அங்குலத்துக்கும் கீழே அறுத்திருந்தால் தொடவே வேண்டாம், 1934ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப் பதிவுக்குள் வருகிற பொருள் அது.

தோட்டா அறையின் நீளம் பலர் மறக்கும் விஷயம். இன்றைய சாதாரணத் தோட்டா 2¾ அங்குலம், அதுவும் சுட்டு விரிந்த பிறகு இருக்கும் நீளம். கேஜ் என்பது குழலின் அகல எண், எண் கூடினால் குழல் சின்னது. பழைய துப்பாக்கிகளில் 16 கேஜுக்கு 2 9/16, 20 கேஜுக்கு 2½, 12க்கு 2⅝ என்று அறை குட்டையாக இருப்பது சகஜம். சுடாத தோட்டா குட்டை அறைக்குள் ஒழுங்காகப் போய் உட்கார்ந்துவிடும், அதுதான் ஆபத்து. சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் முன்னால் இருக்கும் குறுகலில் முட்டி அழுத்தம் ஏறும். அளந்து பார்க்காமல் பெட்டித் தோட்டாவைப் போட்டுச் சுடாதீர்கள். முறுக்குக் குழல், அதாவது டமாஸ்கஸ் என்று சொல்வது, இரும்பும் எஃகும் பட்டை பட்டையாகச் சுற்றி அடித்துச் சேர்த்தது. உயர்ந்த கையில் அருமையான பொருள், ஆனால் மலிவு ரகத்தில் அதன் பற்று எப்படி இருக்கிறது என்று கடை மேசையில் நின்று யாராலும் சொல்ல முடியாது. சுவரில் மாட்டுங்கள். சாதா எஃகில் டமாஸ்கஸ் கோலத்தை வெறுமனே அச்சடித்து விற்றதும் உண்டு, அதற்குத் தனி விலை கொடுக்க வேண்டாம்.

இனி ஆட்களை ஒவ்வொருவராக எடுப்போம்.

ஸ்டீவன்ஸ் 311 தான் இந்தக் கூட்டத்தின் வேலையாள். மாசசூசெட்ஸ் சிக்கோப்பி ஃபால்ஸில் பிறந்தது, ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1920 முதல் சாவேஜுக்குச் சொந்தம், 1980களின் கடைசி வரை இதே அடிப்படை வடிவம் ஓடியது. கனமானது, தோளில் ஏறும்போது மரக்கட்டை ஏறுகிற உணர்வு, விசை இழுக்கக் கொஞ்சம் முரடு. ஆனால் உடையாது. 1968க்கு முன் செய்ததில் வரிசை எண்ணே இல்லாமல் இருக்கலாம், பயப்பட வேண்டாம், அந்த ஆண்டுச் சட்டம்தான் எண்ணைக் கட்டாயமாக்கியது. 1949 முதல் சில ஆண்டுகளுக்கு ஒரு சின்ன வட்டத்துக்குள் ஓர் எழுத்து இருக்கும், ஏ என்றால் 1949, அப்படியே மேலே. 1940களில் சிலவற்றுக்கு டெனைட் என்ற பிளாஸ்டிக் கட்டை போட்டார்கள். அது சுருங்கும், விரிசல் விடும், சேகரிப்பவர் தவிர யாருக்கும் அதனால் பயனில்லை. 12 கேஜ் 311 எங்கேயும் கிடைக்கும், சில நூறு டாலருக்கு மேல் யோசிக்காதீர்கள். அதே மாடல் மிகச் சின்னக் குழலான .410இல் வந்தால் மட்டும் கதை வேறு, விலை தாவும்.

நைட்ரோ ஸ்பெஷல் என் சொந்த ஓட்டு வாங்கும் ஆள். நியூயார்க் மாநிலத்து இதாகாவில் 1940களின் பிற்பகுதி வரை செய்தார்கள், 311ஐவிடக் கையில் நன்றாக உட்காரும், பெயர் அசல் லெஃபீவர் இல்லை என்பதால் சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், அந்தச் சுளிப்புதான் வாங்குபவருக்கு லாபம். பூச்சுத் தேய்ந்திருக்கும், ஆனால் உள்ளே பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதே இதாகாவின் 1908 முதல் 1926 வரையிலான ஃப்ளூஸ் மாடல் இதைவிட நளினமானது, ஆனால் உடல் இரும்பில் தட்டைப் பகுதியும் நிமிர்ந்த முகமும் சேரும் மூலையில் விரிசல் விடும் என்று பெயர் வாங்கியது, அதிலும் சின்ன கேஜ்களில். அந்த மூலையை லென்ஸ் வைத்துப் பார்க்காமல் ஃப்ளூஸ் வாங்கக் கூடாது. 1926இல் அதற்குப் பதிலாக வந்த புதிய இதாகா டபுள் இந்தக் குறையைத் தீர்த்தது.

ஃபாக்ஸ் ஸ்டெர்லிங்வொர்த், 1910களின் தொடக்கத்தில் வந்தது. இதைச் சாதா தரம் என்று சொல்வதே பாதி அநியாயம். உயர்ரக ஃபாக்ஸுக்கு உள்ளே என்ன பொறியோ அதேதான் இதற்கும், செதுக்கு வேலையும் நல்ல மரமும் மட்டும் இல்லை. பொறியில் உறுப்புகள் குறைவு, அதனால் கோளாறும் குறைவு. ஆரம்ப காலத்தில் செய்தவற்றில் ஃபாக்ஸ் என்ற பெயரே இருக்காது, வெறும் ஸ்டெர்லிங்வொர்த் கம்பெனி என்றுதான் இருக்கும்; விற்பவருக்கு அது தெரியாவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம். அடையாளம் காணவும் எளிது, வரிசை எண் 50,000 என்ற அளவில் தொடங்கினால் 12 கேஜ், 2,50,000 என்றால் 20, 3,50,000 என்றால் 16. எண் குழல், உடல், முன்கட்டை இரும்பு மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறியிருந்தால் இரண்டு துப்பாக்கியைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள், விலையைப் பாதியாக்கிப் பேசுங்கள். பிலடெல்பியா முத்திரைக்கு யூட்டிகாவைவிடச் சேகரிப்பவர்கள் கொஞ்சம் அதிகம் தருவார்கள். சுடுகிறவருக்கு அந்த வித்தியாசம் தேவையில்லை.

எல்.சி. ஸ்மித் ஃபீல்டு கிரேடு அழகி, சைட்லாக், அதாவது பொறி பக்கத் தகடுகளில் இருக்கும் வடிவம், அந்தத் தகடுகள் அவளுக்கு ஒரு தோரணை. நியூயார்க் மாநிலம் ஃபுல்டனில் ஹன்டர் ஆர்ம்ஸ் செய்தது. அந்தத் தகடுகளுக்குப் பின்னால் மரம் மெல்லியது, அங்கே விரிசல் விடாதது கிடைத்தால் அதிசயம். மயிரிழை விரிசலா, ஆழமா, யாராவது பசை போட்டு மூடியிருக்கிறார்களா என்பதைப் பொறுத்து விலை. அதே ஹன்டர் ஆர்ம்ஸின் ஃபுல்டன், பொறி உடல் இரும்புக்குள்ளேயே இருக்கும் பாக்ஸ்லாக், அழகில்லாதது, மலிவு, இந்தக் குறை கிடையாது. எல்.சி. ஸ்மித்துக்கு ஒரு வசதி, வயோமிங் மாநிலம் கோடியில் இருக்கும் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் தொழிற்சாலைப் பதிவேடு இருக்கிறது, காசு கட்டினால் உங்கள் எண்ணுக்குக் கடிதம் தருவார்கள்.

பார்க்கர் ட்ரோஜன், 1912 முதல் கனெக்டிகட் மெரிடனில் செய்தது, பார்க்கர் என்ற பெயருக்கு மிகக் குறைந்த நுழைவுக் கட்டணம். நல்ல துப்பாக்கி, மறுக்கவில்லை. ஆனால் கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கு பெயருக்கு, சுடும்போது அந்தப் பங்கு தெரியாது. விற்க வேண்டிய நாளில் தெரியும். வாங்கி வைத்துப் பத்து வருடம் கழித்துக் கொடுப்பதாக இருந்தால் ட்ரோஜன், குறிப்பாக 20 கேஜ். சுடத்தான் என்றால் ஸ்டெர்லிங்வொர்த்.

கிரசென்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குடும்பத்தில் வந்தது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்காதீர்கள்.

எந்தப் பெயரானாலும் கேஜ் விலையை மாற்றும். 20 கேஜுக்கு 12ஐவிடக் கூட, .410க்கு இன்னும் கூட. 16 கேஜ் நடுவில் தவிக்கும், தோட்டா கிடைப்பது கடினம் என்று பலர் ஒதுக்குவார்கள், அதனாலேயே பேரம் படியும். வாத்து வேட்டைக்கு என்று வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: 1991 முதல் அமெரிக்கா முழுக்க நீர்ப்பறவைக்கு ஈயக்குண்டு தடை. எஃகுக் குண்டை நுனி மிகக் குறுகிய இந்தப் பழைய ஃபுல் சோக் குழலில் சுட்டால் குழல் கெடும். பிஸ்மத் தோட்டா போடலாம், விலை கடுப்பேற்றும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், வாத்துக்குப் புதுத் துப்பாக்கியே மலிவு.

விலை பார்க்கும்போது விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றைத் தனியாகப் பார்க்கும் வசதி இருக்கிறது, அதுதான் சந்தை. ஒரே மாடல், ஒரே கேஜ், ஒரே குழல் நீளம், அப்புறம் யாரும் கை வைக்காத நிலை, இந்த நான்கும் ஒத்துப்போவதை மட்டும் ஒப்பிடுங்கள். "கை வைத்தது" என்பதைத் திருகுகள் காட்டிக்கொடுக்கும். தலைப்பள்ளம் சிதைந்திருந்தால் தகுதியில்லாத ஆள் கழற்றியிருக்கிறார். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால் பாலிஷ் சக்கரம் ஏறியிருக்கிறது. உடல் இரும்பைக் கடினமாக்கும்போது அதில் படியும் வண்ண மேகங்கள் மடிப்பு மூலைகளில் மட்டும் மிச்சம் இருந்தால் அசல், மொத்தமும் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள், தீ வைத்துப் போலியாக்குவதும் நடக்கிறது.

வீட்டில் வந்ததைப் புதுப்பிக்கலாமா என்பவர்களுக்கு: துரு பரவாமல் எண்ணெய் விட்டுத் துடையுங்கள், கட்டை விரிசலை ஒட்டுங்கள், அதோடு நிறுத்துங்கள். சாதா துப்பாக்கிக்கு முழுப் புதுப்பிப்பு செய்தால் செலவு விலையைத் தாண்டும், சேகரிப்பவருக்கும் பிடிக்காது. விற்பதாக இருந்தால் சட்டத்தையும் பாருங்கள். 1898 அல்லது அதற்கு முன் செய்தது கூட்டரசுச் சட்டத்தில் பழம்பொருள், மற்றவற்றை வேறு மாநிலத்து ஆளுக்கு அனுப்ப உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் போக வேண்டும், மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் வேறு. கிரசென்ட்டுகளிலும் பெல்ஜியத்துப் பொருட்களிலும் ஆண்டை நிரூபிப்பது கஷ்டம், நிச்சயமில்லையென்றால் பழம்பொருள் என்று விற்கத் துணியாதீர்கள்.

கடைசியாக அடிக்கடி வருகிற ஒரு கேள்வி. மேசையில் இரண்டு இருக்கின்றன, விலை கிட்டத்தட்ட ஒன்று: ஒன்று 12 கேஜ் ஸ்டெர்லிங்வொர்த், பின்கட்டையை அறுத்து ரப்பர் அட்டை வைத்திருக்கிறார்கள், குழல் புதுக் கருநீலம், இன்னொன்று 20 கேஜ் நைட்ரோ ஸ்பெஷல், அழுக்காக இருக்கிறது, எண்கள் ஒத்துப்போகின்றன, தட்டினால் கணீர் என்கிறது, லீவர் வலப்பக்கம். நான் நைட்ரோ ஸ்பெஷலை எடுப்பேன், விற்பவர் ஃபாக்ஸ் பெயரை எத்தனை முறை சொன்னாலும்.